குழுப் பணம், சங்கப் பணம் கையாடப்பட்டால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எந்த ஊரை எடுத்தாலும் பணம் பெரும்பாலும் ஒரு ஆள் கை வழியாகத்தான் போகிறது. மகளிர் குழுவில் ஊக்குநர், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர், கம்பெனியில் கணக்குப்பிள்ளை. அந்தக் கையில் பணம் நின்றுவிட்டது என்று தெரிந்த அன்று சாயங்காலம் வழக்கமாக நடப்பவை மூன்று. வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவது, கடன் பத்திரம் எழுதி வாங்குவது, வாட்ஸ்அப்பில் போட்டோவோடு போடுவது. மூன்றும் உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும். அலைந்து தெரிந்துகொண்ட வரிசையைக் கீழே தருகிறோம். இதை மாற்றாமல் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

1. இது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஸ்டேஷனில் கேட்கும் முதல் கேள்வியே "பணம் எப்படி அவர் கைக்குப் போனது?" என்பதுதான். வழக்கு எந்தப் பிரிவில் நிற்கும் என்பதை அந்தப் பதில் முடிவு செய்கிறது.

குழுப் பெட்டியை உங்களுக்குத் தெரியாமல் திறந்து எடுத்தால் திருட்டு. வங்கியில் கட்டச் சொல்லி நீங்களே கொடுத்த தவணையை அவர் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டால் நம்பிக்கை மோசடி. அதாவது ஒப்படைத்த பொருளைக் கையாடியது. தரும் எண்ணமே இல்லாமல் "லோன் வாங்கித் தருகிறேன்" என்று பொய் சொல்லி வாங்கியிருந்தால் ஏமாற்று. கைமாற்றாகக் கொடுத்து அது திரும்பவில்லை என்றால் வெறும் கடன். போலீசுக்கு அதில் வேலை இல்லை.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் நம்பிக்கை மோசடி 316-வது பிரிவு. பொதுவாக 316(2), 5 ஆண்டு வரை சிறை. சம்பள ஊழியர் தன்னிடம் ஒப்படைத்ததைக் கையாடினால் 316(4), 7 ஆண்டு வரை. அரசு ஊழியர், வங்கியாளர், முகவர் போன்றோர் என்றால் 316(5), 10 ஆண்டு வரை அல்லது ஆயுள். ஐஸ் கம்பெனி ஊழியர் ஒருவர் தன்னிடம் ஒப்படைக்காத முதலாளி பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் அது 306, ஊழியர் செய்த திருட்டு. கணக்குப் புத்தகத்தை ஊழியர் திருத்தியிருந்தால் கூடவே 344.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல்தான். அதற்கு முன் எடுத்த பணத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 406, 408, 409 பிரிவுகள்தான் பொருந்தும். பழைய 406-க்குத் தண்டனை 3 ஆண்டு வரைதான். ஆகவே அதற்கு 3 ஆண்டுக் காலக்கெடு ஓடுகிறது. 2024 ஜூலைக்கு முன் எடுத்த பணம் என்றால் "மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். புதிய 316(2)-இல் தண்டனை 5 ஆண்டு வரை என்பதால் அந்தக் காலக்கெடு இல்லை. கையாடல் பல வருடம் நீண்டிருந்தால் 2024 ஜூலைக்கு முன், பின் என்று தொகையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

மனு எழுதித் தருபவர்கள் எல்லாப் பிரிவையும் அள்ளிப் போடுவார்கள். ஏமாற்று என்றால் எண்ணம் தொடக்கத்திலேயே கெட்டது. நம்பிக்கை மோசடி என்றால் நல்லபடியாக வாங்கிய பிறகு கெட்டது. ஒரே பணத்துக்கு இரண்டும் சேர்ந்து நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பிரிவு போடுவது போலீஸ் வேலை. நீங்கள் நடந்ததை எழுதினால் போதும்.

பங்குப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டாளி கூட்டுப் பணத்தை எடுத்துவிட்டார் என்றால் அது பெரும்பாலும் கணக்குத் தீர்க்கும் சிவில் வழக்காகத்தான் போகும். குறிப்பிட்ட வேலைக்கென்று தனியாக ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் தவிர, ஸ்டேஷனை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

2. அன்றைக்கே கசிவை அடைத்துவிடுங்கள்

போன பணத்தைப் பிறகு பார்க்கலாம். கணக்கில் மிச்சம் இருப்பது போகாமல் இருக்க வேண்டும். உறுப்பினர் கூட்டம் போட்டு, பழைய கையொப்பக்காரரை நீக்கிப் புது ஆளை நியமித்துத் தீர்மானம் எழுதுங்கள். வந்த எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அதன் நகல், புதிய கையொப்பக்காரர்களின் ஆதார், பான், போட்டோ ஆகியவற்றோடு வங்கி மேலாளரிடம் "மறு கடிதம் வரும் வரை இந்தக் கணக்கில் பணம் எடுக்க அனுமதிக்க வேண்டாம்" என்று மனு கொடுங்கள். இரண்டாம் பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

செக் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த செக்கும் பணம் எடுக்கும் படிவமும்தான் குழுக்களில் பெரிய ஓட்டை. "பாம்பன்ல இருந்து ரெண்டு பேரும் பேங்குக்கு வரணுமா மதினி, போட்டுக் குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டதும் போட்டுக் கொடுத்த கையெழுத்துதான் பின்னால் உங்கள் சம்மதமாகக் காட்டப்படும். காணாத செக் எண்களை எழுதி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

3. கடன் பத்திரம் வாங்காதீர்கள், ஒப்புதல் கடிதம் வாங்குங்கள்

வழக்குகள் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். ஊர்க் கூட்டத்தில் பெரியவர்கள் உட்காருவார்கள். அவர் அழுவார். "ஆறு மாசத்துல குடுத்துடுறேன்" என்பார். உடனே முத்திரைத்தாளிலோ புரோநோட்டிலோ "கடனாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கி எல்லாரும் கலைந்து போவார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்டேஷனுக்குப் போனால், "கடன் கொடுத்ததா நீங்களே எழுதி வாங்கியிருக்கீங்க, கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். சட்டப்படி அந்தப் பத்திரம் குற்றத்தை அழிப்பதில்லை. ஆனால் அதைச் சொல்லிப் புரியவைக்க உங்களுக்கு ஒரு வருடம் ஆகும்.

அதற்குப் பதிலாக அவர் கைப்பட ஒரு கடிதம் எழுதட்டும். அதில் இவை இருக்க வேண்டும்: தான் என்ன பொறுப்பில் இருந்தார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எதற்காகக் கட்டச் சொல்லி உறுப்பினர்கள் கொடுத்த பணம், அதில் எவ்வளவு கட்டவில்லை. "கடன்", "கைமாற்று", "வட்டி" என்ற சொற்கள் ஒன்றுகூட வரக் கூடாது. குழுவில் இல்லாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். இதைப் போலீசுக்குப் போகும் முன்னரே வாங்க வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. வெளி ஆட்களிடம் தானாக எழுதிக் கொடுத்தது சாட்சியத்தில் எடுபடும்.

மிரட்டி வாங்கினால் அந்தக் கடிதம் செல்லாது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவது, வீட்டைப் பூட்டுவது, வண்டியை எடுத்து வருவது எல்லாம் உங்கள் மேல் பறித்தல் வழக்காகத் திரும்பும். ஊர்விலக்கம் செய்தால் ஊர் நிர்வாகிகள் மேலேயே வழக்கு வரும். வாட்ஸ்அப்பில் "திருடி" என்று போட்டால் அவதூறு. அதற்கு 356-வது பிரிவு, 2 ஆண்டு வரை. அவர் பக்க வக்கீல் தேடுவது இப்படி ஒரு எதிர்மனுவைத்தான்.

4. தொகையைப் பிடியுங்கள்

ஊரில் பேசும் தொகை ஒன்று, நிரூபிக்க முடிந்த தொகை வேறு. பெரிய தொகையைச் சொல்லிவிட்டுப் பாதியை நிரூபித்தால் மீதியும் சந்தேகத்துக்குப் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 பேர் உள்ள குழு. மாதம் ஒருவர் தவணை 2,200, சேமிப்பு 200, ஆக 2,400 ரூபாய். குழுவுக்கு மாதம் 28,800. 14 மாதத்துக்கு 4,03,200 ரூபாய் உறுப்பினர் அட்டைகளில் வரவாகியிருக்கிறது. வங்கிக் கணக்கில் ஏறியது 3,31,200. வித்தியாசம் 72,000. இங்கேயே நின்று "72 ஆயிரம் சுருட்டிவிட்டார்" என்று எழுதிவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு உறுப்பினருக்கு ரொக்கமாக 20,000 உள்கடன் கொடுத்தது இருக்கும். கூட்டச் செலவு 1,500 இருக்கும். அவற்றைக் கழித்தால் 50,500. மனுவில் எழுத வேண்டியது அந்த 50,500 மட்டும்.

இதற்கு நாலு பத்தியில் ஒரு தாள் போதும்: தேதி, உறுப்பினர் கொடுத்தது, வங்கியில் ஏறியது, வித்தியாசம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரத்தின் எண். அட்டையில் பதியாமல் வாயால் மட்டும் சொல்லும் பணத்தைத் தனித் தாளில் வையுங்கள், கலக்காதீர்கள்.

எப்படி நடந்தது என்பது வங்கி வரவின் தேதியிலேயே தெரியும். வசூல் மாதம் 5-ஆம் தேதி என்றால், ஆரம்பத்தில் அன்றே கட்டியிருப்பார். பிறகு 12, பிறகு 20, பிறகு அடுத்த மாதம். இந்த மாதம் வசூலானதை வைத்துப் போன மாத ஓட்டையை அடைக்கிறார் என்று அர்த்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வீடுகளில் வருமானம் நின்று தவணை தடுமாறும். அடைக்கப் புதுப்பணம் இல்லாமல் ஓட்டை அப்போதுதான் வெளியே தெரியும். கணக்குப் பார்க்க அதுவே நல்ல காலமும்கூட. எல்லாரும் கரையில் இருப்பார்கள்.

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உங்கள் பங்கு 1,500, அரசுப் பங்கோடு திரும்ப வருவது 4,500. சங்கத்தில் கட்டிய 1,500-ஐ அவர் ஏற்றாமல் விட்டிருந்தால் பட்டியலில் உங்கள் பெயரே இருக்காது. அப்போது இழப்பு 4,500. ஆனால் கையாடிய தொகை 1,500 என்றுதான் எழுத வேண்டும். மீதியைக் கீழே தனி வரியில் குறியுங்கள்.

5. ஆவணங்கள்

அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். அதிகாரி கேட்டாலும் நகலைக் கொடுத்து அசலைக் காட்டுங்கள். போலீஸ் அசலைக் கைப்பற்றினால் அதற்குரிய பட்டியல் நகலைக் கேட்டு வாங்குங்கள். சேர்க்க வேண்டியவை:

குழுவின் தீர்மானப் புத்தகம், குறிப்பாக அவரைப் பொறுப்பில் நியமித்த பக்கம். ஒப்படைப்புக்கு அதுதான் முதல் ஆதாரம். அது இல்லாமல் போகும் மனுக்கள்தான் அதிகம். ரொக்கப் புத்தகம், பேரேடு, உறுப்பினர் அட்டைகள், ரசீதுகள். சங்கத்தில் நகை வைத்தவர்களுக்கு நகைக்கடன் சீட்டு. எடை, தொகை, கடன் எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

வங்கிக் கணக்கு அறிக்கையை மொபைலில் எடுத்த பிரிண்டாகக் கொடுத்தால் போதாது. கிளையில் சீல் போட்டு, வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டம், 1891-இன்படி சான்றோடு கேளுங்கள். கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். ஜிபே, போன்பே வழி அனுப்பியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு இருந்தால் அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ் தேவை. அதில் இரண்டு பகுதி: ஒன்று போன் வைத்திருப்பவர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் உண்டு. வக்கீல் ஏற்பாடு செய்வார். இப்போதைக்கு அசல் போன் பத்திரமாக இருந்தால் சரி.

6. துறை வழியாகப் போகும் மனு

மகளிர் குழு என்றால் உங்கள் ஒன்றியத்தின் வட்டார இயக்க மேலாளருக்கும், மாவட்ட அளவில் மகளிர் திட்ட இயக்குநருக்கும் மனு. குழுக் கணக்கைத் தணிக்கை செய்யச் சொல்லிக் கேளுங்கள். திங்கட்கிழமை பட்டணம்காத்தானில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண் இல்லாத மனு காற்றில் போன மாதிரி. முதல்வரின் உதவி மையம் 1100-இலும் பதியலாம். ஆனால் அதுவும் சுற்றி அதே அலுவலகத்துக்குத்தான் வரும்.

கூட்டுறவுச் சங்கம் என்றால் பாதை வேறு, பலமும் அதிகம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 81-வது பிரிவு விசாரணை. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு மனு கொடுத்தால் விசாரணைக்கு உத்தரவிடக் கேட்கலாம். பதிவாளர் தானாகவும் உத்தரவிடலாம். மீனவர் சங்கங்களுக்குப் பதிவாளர் அதிகாரம் மீன்வளத் துறையிடம். ஆகவே ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்தவர்கள் தங்கள் மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் என்றால் சரகத் துணைப்பதிவாளர். இதைத் தெரியாமல் மாற்றிக் கொடுத்தால், மனு அலுவலகம் விட்டு அலுவலகம் போய்ச் சேரவே மாதக்கணக்கு ஆகிவிடும்.

விசாரணையில் இழப்பு உறுதியானால் 87-வது பிரிவின் தண்டத்தீர்வை. கையாடியவரிடமிருந்தும், கவனிக்காமல் விட்ட நிர்வாகிகளிடமிருந்தும் தொகையை வட்டியோடு வசூலிக்க உத்தரவு போடலாம். சம்பவம் நடந்து 7 ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். சிவில் கோர்ட்டுக்குப் போகாமலே பணம் திரும்பும் வழி இது. மனுவில் "81 விசாரணையும், தொடர்ந்து 87 நடவடிக்கையும் கோருகிறோம்" என்று பிரிவு எண்ணோடு எழுதுங்கள். சங்கக் குற்றங்களுக்கென்றே காவல்துறையில் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. விசாரணை அறிக்கை கையில் இருந்தால் அங்கே வேகம் கூடும்.

தகவல் உரிமை மனுவில் ஒரு பொறி உண்டு. சங்கத்துக்கே நேராக அனுப்பினால் "நாங்கள் பொது அதிகார அமைப்பு இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எனவே தணிக்கை அறிக்கை, குறைபாட்டுப் பட்டியல், விசாரணை அறிக்கை ஆகியவற்றின் நகலை மேலே சொன்ன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.

சீட்டுப் பணம் இந்தக் கட்டுரையில் அடங்காது. பலரிடம் வைப்புத் தொகை வாங்கி ஓடிய நிறுவனம் என்றால் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், பொருளாதாரக் குற்றப்பிரிவு, மதுரை சிறப்பு நீதிமன்றம் என்று அது வேறு பாதை.

7. காவல் நிலையம்

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார், எந்தப் பொறுப்பில், எந்தத் தீர்மானப்படி, எதற்காக, எப்போது முதல் எப்போது வரை, எவ்வளவு, கேட்டபோது என்ன சொன்னார். இந்த வரிசை. இணைப்பாக 4-ஆம் படியின் தாள், ஆவண நகல்கள். 12 பேரும் தனித்தனி மனு கொடுக்காமல், தீர்மானத்தின் மூலம் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து ஒரே மனுவாகக் கொடுங்கள். தொகை பெரிது என்றால் ராமநாதபுரத்தில் மாவட்டக் குற்றப்பிரிவுக்கு அனுப்புவார்கள்.

கொடுத்ததும் மனு ஏற்புச் சான்றிதழ், அதாவது சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து ஒரு வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். 316(2) போன்று 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றத்தில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை முடிக்கலாம் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) சொல்கிறது. 15-ஆம் நாள் ரசீதோடு போய்க் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் நகல் இலவசம். 90 நாளில் விசாரணை நிலவரத்தை உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

பதியவில்லை என்றால் 173(4)-இன்படி எஸ்.பி.க்கு எழுத்து மூலம். ஒப்புகை அட்டையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தாலும் தபாலையும் விடாதீர்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் 175(3)-இன் கீழ் பிரமாணப் பத்திரத்தோடு மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் அங்கே போனால் திருப்பிவிடுவார்கள்.

எஃப்.ஐ.ஆர். பதிந்த கையோடு விசாரணை அதிகாரிக்கு இன்னொரு மனு: கையாடியவரின் வங்கிக் கணக்கு எண் தெரிந்தால் அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி முடக்கக் கேளுங்கள். இதைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை.

8. பணத்துக்கான வழக்கும் செலவும்

கிரிமினல் வழக்கு தண்டனைக்கு. பணம் வேண்டுமென்றால் சிவில் வழக்கும் போட வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். காலக்கெடு பொதுவாக 3 ஆண்டு. போலீஸ் விசாரணை நடக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் தொகையில் 3 சதவீதம். 50,500-க்கு 1,515 ரூபாய். அவர் வீட்டையோ படகையோ விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால், தீர்ப்புக்கு முன் ஜப்தி செய்யக் கேட்கும் மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, அல்லது 15100 எண். ஆதார் நகலும் மனுவும் போதும்.

9. பணம் தர முன்வந்தால்

பாதி வழியில் "தந்துவிடுகிறேன், வழக்கை வாபஸ் வாங்குங்கள்" என்று ஆள் அனுப்புவார்கள். வாங்கலாம், தப்பில்லை. ரொக்கமாக வாங்காதீர்கள். குழுக் கணக்கிலேயே ஏற வேண்டும். தனி உறுப்பினர் ஒருவர் மட்டும் தன் பங்கை வாங்கிக்கொண்டு ஒதுங்கினால் அவர் சாட்சியும் போய்விடும். முழுத் தொகையும் ஏறிய பிறகுதான் எழுத்து. 316(2), 316(4) இரண்டையும் பணத்துக்கு உரியவர் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். 316(5)-ஐ அப்படி முடிக்க முடியாது. ஸ்டேஷனில் வெள்ளைத்தாளில் "புகாரை வாபஸ் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுப்பது சமரசம் ஆகாது. அதைக் கொடுத்த மறு வாரம் தவணை நின்றால் மறுபடியும் 7-ஆம் படியிலிருந்து தொடங்க வேண்டும்.